பெரியப்பாவுக்கு நான் வைத்த செத்தவீடு

தம்பி,

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் நின்று, மாப்பிள்ளையின் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டிய மாப்பிள்ளைத் தோழன் நீ. பெண்ணுக்கு உடன்பிறந்த ஒரே ஆண் நீ. நீ வரவில்லை. அந்த நேரம் நீ லில்லேஹம்மருக்கு விளையாடப் போகிற பேருந்தில் இருந்தாய். நீ வராததற்குக் காரணம், உயிரோடு இருக்கிற உன் பெரியப்பா செத்துப்போனார் என்று உன் ஐஸ் ஹொக்கிக் கழகத்துக்கு நான் சொன்ன பொய். நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒஸ்லோவில், எங்கள் ஸ்டோவ்னரிலும் வெஸ்ட்லியிலும் என்னென்ன கதை உலாவுகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் எல்லோரும் என் கடையில்தான் முருங்கைக்காய் வாங்குகிறார்கள். நீ ஒரு வெள்ளைக்காரப் பெட்டையோடு ஓடிவிட்டாய் என்று ஒருத்தி சொன்னாளாம். அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதோடு எங்கள் சங்க மலருக்கும் கொடுக்கிறேன். பாதி தெரிந்தவர்கள் முழுவதும் தெரிந்துகொள்ளட்டும்.

நான்கு மாதமாக நீ என் தொலைபேசியை எடுப்பதில்லை. அப்பாவோடு கதைக்கிறாய், அக்காவோடு கதைக்கிறாய், கனடாவுக்குக்கூட எடுத்துக் கதைக்கிறாய். கூட விளையாடுகிறவனின் வீட்டில் ஒரு சோபாவில் படுக்கிறாய். போன கிழமை கழகத்தோடு நீ எழுதிய ஒப்பந்தத்தின் நகலை ஒரு பழுப்பு உறையில் போட்டு, கடைக் கதவிலிருக்கிற கடிதத் துவாரத்தால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாய். கடை திறந்துதான் இருந்தது, தம்பி. நான் பின்னுக்கு நின்று வெண்டிக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தேன். நூறு கிலோ ஆம்பிளையைத் தோளால் இடித்துப் பலகை வேலியோடு சாத்துகிற பிள்ளை, ஐந்தடி உயரமும் இல்லாத அம்மாவுக்குப் பயந்து, திறந்த கதவின் துவாரத்துக்குள் கடிதம் போட்டுவிட்டு ஓடுகிறான். இதை நான் யாரிடம் சொல்லி அழ?

உன் தொழிலுக்கு ஆரம்பம் போட்டதே அந்தச் செத்துப்போன பெரியப்பாதான் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு ஏழு வயதில் அவர் ரொறன்ரோவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினார். பெட்டிக்குள் பனிச்சறுக்குச் சப்பாத்து ஒரு சோடி, உன் காலுக்கு இரண்டு அளவு பெரிது. "வளர்ற பிள்ளைதானே" என்று எழுதியிருந்தார். எங்கள் ஆட்கள் எதையும் பெரிதாகத்தான் வாங்குவார்கள். முன்பக்கத்துக்கு இரண்டு சோடி காலுறை அடைத்து, வெஸ்ட்லிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் விட்டு உறைய வைத்திருந்த மைதானத்தில் உன்னை இறக்கினேன். மற்றப் பிள்ளைகள் முன்னுக்குப் பறந்தார்கள். உனக்குச் சப்பாத்து ஆடியதால் முன்னுக்குப் போக முடியவில்லை, பின்னுக்குத்தான் வழுக்கிக்கொண்டு போனாய். ஒரு மாரி முழுக்கப் பின்னுக்கே போனாய். அடுத்த வருடம் கழகத்தில் சேர்த்தபோது பயிற்சியாளர் ரூனேயிடம் போய், இவன் ஏன் பின்னுக்கே ஓடுகிறான், இதைத் திருத்த ஏலாதோ என்று கேட்டேன். அந்த மனிதன் சிரித்துவிட்டு, "திருத்திப் போடாதையுங்கோ, எனக்கு அப்படி ஒராள்தான் வேணும்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். பின்வரிசையில் நின்று தடுப்பவனுக்குப் பின்பக்கமாக ஓடுவதுதான் முதல் பாடம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. காசு கட்டிப் பிள்ளையைப் பின்னுக்குப் போகப் பழக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த ரூனே எனக்கு நேற்று முந்தாநாள் தெரியவந்த ஆள் இல்லை. பிள்ளைகளை விளையாட விட்டால் பெற்றோரும் கழகத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் மாதிரி. ஒவ்வொரு குடும்பமும் கழகத்துக்காக நாற்பது கட்டுக் கழிப்பறைத் தாள் விற்க வேண்டும் என்று அந்த வருடம் கடிதம் வந்தது. வெள்ளைக்காரத் தாய்மார் அக்கம்பக்கத்தில் மணியடித்து மூன்று மாதம் விற்றார்கள். நான் பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு ஒரு கட்டை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே விலை என்று அட்டையில் எழுதிப் போட்டேன். இரண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் ரூனேக்கு எடுத்து, இன்னும் நூறு கட்டு அனுப்பு என்றேன். பிறகு கழகத்துச் சிற்றுண்டிக் கடையில் வாஃபல் விற்கிற மேசைக்கு ரோல்ஸும் பற்றிஸும் கொண்டுபோய் வைத்தவளும் நான்தான். பன்னிரண்டு வருடம் அந்த மனிதனோடு ஒளிவுமறைவில்லாமல் வியாபாரம் செய்திருக்கிறேன். அவர் பிள்ளைகளின் பயிற்சியாளராக இருந்து பெரிய அணியின் மேலாளராக வந்ததும், நீ அவருக்குப் பின்னாலேயே பெரிய அணிக்கு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இது என் முதல் பிழை. எழுதி வைத்துக்கொள், நான் அடிக்கடி ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஏன் வாய் வரவில்லை என்று சொல்கிறேன். நீ பிறக்க முதல், ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் நான் மீன் வெட்டினேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே செய்த இன்னொரு வேலை உனக்குத் தெரியாது. அகதியாக வந்த உன் அப்பாவை ஒஸ்லோ விமான நிலையத்தில் சந்திக்க எனக்கு மூன்று நாள் வேண்டியிருந்தது. மேற்பார்வையாளனிடம் போய், என் கணவர் வருகிறார், இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கப்போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். மீன் வருகிற காலம், லீவு இல்லை என்றான். பக்கத்து மேசையில் நின்ற மட்டக்களப்புப் பிள்ளை காதுக்குள், "அக்கா, ஆராவது செத்ததெண்டு சொல்லுங்கோ" என்றாள். அடுத்த நாள் போய், என் சின்னம்மா ஒருத்தி இறந்துவிட்டாள் என்றேன். அந்த மனிதன் தொப்பியைக் கழற்றி, என் கையைப் பிடித்து, சம்பளத்தோடு மூன்று நாள் தந்தான். இந்த நாட்டில் உயிரோடு இருக்கிறவனுக்கு லீவு இல்லை, செத்தவனுக்குத்தான் லீவு என்று அன்றைக்கு நான் படித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் இன்னும் இரண்டு சின்னம்மாமாரைச் சாக்காட்டினேன். எனக்குச் சின்னம்மாவே இல்லை. இது பெருமைக்குச் சொல்கிற கதை இல்லை, தம்பி. இருபது வயதில் பலித்த தந்திரத்தை நாற்பத்தெட்டு வயதிலும் கையில் வைத்துக்கொண்டு திரிகிறவள் வியாபாரி என்று சொல்லத் தகுதியில்லாதவள். சந்தை மாறிவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நீயும் கொஞ்சம் கேள். புரட்டாதியில் ஐயர் நாள் வைத்தார். அன்றிலிருந்து உன்னிடம் எத்தனை தரம் கேட்டேன்?

"லீவு கேட்டனியோ?"

"பிரச்சினை இல்லை, அம்மா."

மார்கழியில் கேட்டேன். காதில் கம்பி செருகியிருந்தாய். "பிரச்சினை இல்லை." தை பிறந்ததும் கேட்டேன். வாயில் பிட்டு. "அம்மா, பிரச்சினை இல்லை எண்டு சொன்னனான்தானே." இருபது வருடமாக நான் சரக்கு இறக்குகிறேன். பிரச்சினை இல்லை என்று சொன்ன எந்த ஆளிடமிருந்தும் எனக்கு ஒழுங்காகச் சரக்கு வந்ததில்லை. ஒழுங்காக அனுப்புகிறவன், இத்தனை பெட்டி, இந்த விமானம், இத்தனை மணி என்று சொல்லுவான். பிரச்சினை இல்லை என்கிறவனின் கறிவேப்பிலை கறுத்துப்போய்த்தான் வரும். "அம்மா, ரூனேயிட்டைக் கேட்டிட்டன், அந்த ஞாயிறு எனக்கு லீவு" என்று முழுதாய் ஒரு வசனம் சொல்ல உனக்கு என்ன கேடு? ஐயர் நாள் வைத்த அதே கிழமை நீ போய்க் கேட்டு, அவரும் சம்மதித்து, நாட்காட்டியிலும் எழுதிவிட்டார் என்பதை ஐந்து மாதம் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாய். எதிராளி அடிக்கிற இறப்பர்த் தட்டுக்கு முன்னால் குறுக்கே விழுந்து உடம்பில் வாங்குகிற பிள்ளைக்கு, வீட்டில் ஒரு வசனம் வாயைவிட்டு வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. ரூனேக்கு எடுத்தேன். அவர் எடுக்கவில்லை, செய்தியைப் பதிவு செய்யச் சொல்லி அவருடைய குரல் வந்தது. மனிதர் எடுத்திருந்தால் நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேனோ என்று இப்போதும் யோசிக்கிறேன், தெரியவில்லை. இயந்திரத்திடம் பொய் சொல்வது சுகம். இவனுடைய அப்பாவின் அண்ணன் கனடாவில் தவறிவிட்டார், உடலை இங்கே கொண்டுவருகிறோம், ஞாயிற்றுக்கிழமை செத்தவீடு, இவனுக்கு அன்றைக்கு வர ஏலாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். கனடாவில் செத்தவரை ஏன் ஒஸ்லோவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சின்னப்பிள்ளையும் கேட்கும். அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. பிறகு பந்தல்காரனோடு சண்டை பிடிக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. பெரியப்பா விமானம் ஏற முதல் எனக்கு எடுத்துச் சொன்னார். உங்கள் கழகத்துப் பனி மண்டபத்தில் ஆட்டம். உடுப்பு மாற்றும் அறைக்குள் நீ போனபோது எல்லோரும் எழுந்து நின்றார்களாம். உன்னைவிடப் பத்து வயது மூத்த அணித்தலைவன் வந்து உன்னைக் கட்டிப்பிடித்தானாம். எல்லோருடைய கையிலும் கறுப்பு நாடா. ஏன் என்று கேட்ட உனக்கு, துக்கத்தில் இருக்கிற வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இரண்டு நாள் தொலைபேசி எடுக்காமல் இருந்த ரூனே, உன் பெரியப்பா இறந்த செய்தியைத் தன் வாயால் சொன்னாராம். நீ நம்பிவிட்டாய். நம்பாமல் என்ன செய்வாய்? நாங்கள் உனக்கு மறைத்துவிட்டோம், கல்யாணத்துக்காக மறைத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாய். எங்கள் ஆட்கள் அப்படிச் செய்கிறவர்கள்தான். வெளியே வந்து, பனியிலே நின்று, ரொறன்ரோ வீட்டுக்கு எடுத்தாயாம், பெரியம்மாவுக்கு ஆறுதல் சொல்ல.

"நான் பயணப் பெட்டி கட்டிக்கொண்டு நிண்டனான்," என்றார் பெரியப்பா. "ஹலோ எண்டன். மற்றப் பக்கத்திலை சத்தம் இல்லை. பிறகு பெடியன் அழுறான். 'பெரியப்பா, நீங்களோ?' எண்டு கேக்கிறான். நான்தானடா, வேறை ஆர் எண்டன். அவன் இன்னும் அழுதான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை பிள்ளை. ஆரோ உங்கடை வீட்டிலை செத்துப்போச்சினமாக்கும் எண்டு நான் பயந்துபோனன்."

இதைக் கேட்டபோது நான் அடுப்படியில் நின்றேன். அரை மணித்தியாலமாவது அந்த மனிதன் உனக்கு உண்மையாகவே செத்திருக்கிறார். அந்த அரை மணித்தியாலத்துக்கு நான் உனக்கு என்ன விலை கொடுத்தாலும் காணாது. பிறகு நீ உள்ளே போய், அந்தக் கறுப்பு நாடாவைக் கட்டிக்கொண்டு, உயிரோடு இருக்கிற மனிதனுக்காக அறுபது நிமிடம் துக்கம் காத்து விளையாடி, ஆட்டம் முடிந்த பிறகுதான் ரூனேயிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். அணியை அந்த நேரம் குழப்பக் கூடாது என்று பார்த்தாயாம். இந்தப் புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்ததோ தெரியாது. என்னிடமிருந்து இல்லை.

பெரியப்பா வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "என்ன வருத்தத்திலை என்னைச் சாக்காட்டினனி?" என்று கேட்டார்.

"வருத்தம் ஒண்டும் சொல்லேல்லை அத்தான். மோசம் போயிட்டார் எண்டு மட்டும்தான்."

"நல்ல காலம். சீனி வருத்தம் எண்டு சொல்லியிருந்தால் இஞ்சை ஒருத்தரும் எனக்கு லட்டுத் தராயினம்."

சிரித்து முடிய விடவில்லை. மூன்று மணிக்கு வீடு நிறையப் பெண்கள், பலகாரம் சுடுகிறோம், மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து உட்கார்ந்து பயத்தம் பணியாரம் உருட்டுகிறா. மணி அடித்தது. ஒரு பெடியன் வெள்ளை லில்லிப் பூ ஒரு பெரிய கட்டு நீட்டினான். சம்பந்தி கதவுக்குக் கிட்ட இருந்ததால் அவதான் வாங்கினா. கல்யாண வீட்டுக்கு யாரோ பூ அனுப்பியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாக அட்டையைத் திறந்தா. அந்த மனிசி இங்கே தாதியாக வேலை செய்கிறவ, இந்த நாட்டுப் பாஷை நொஸ்க் நன்றாக வாசிப்பா. முகம் அப்படியே செத்தது. உண்மை தெரிய முதல் உன் கழகம் சொல்லிவைத்திருந்த அனுதாபப் பூ அது.

"ஆர் செத்தது?" என்றா. எண்ணெய் மட்டும் கொதித்தது. "எங்களுக்குச் சொல்லாமல் செத்தவீட்டுத் துடக்கோடையோ சம்பந்தி கலியாணம் செய்யப் பாக்கிறியள்? அதுகும் தகப்பன்ரை அண்ணனெண்டெல்லோ இதிலை எழுதிக்கிடக்கு! முப்பத்தொரு நாள் துடக்கெல்லோ! இந்தக் கையாலைதான் நானும் பலகாரம் உருட்டினனான்!"

எழுந்து கையைக் கழுவப் போய்விட்டா. கல்யாணம் நின்றது என்றே நான் நினைத்தேன். நானூறு பேருக்குச் சொல்லி, மண்டபம் எடுத்து, ஐயருக்கு வாக்குக் கொடுத்து, ஒரு பூக்கட்டில் எல்லாம் போகப்போகிறது. உன் அக்கா அறை வாசலில் மருதோன்றிக் கையை விரித்தபடி நின்று என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் குளியலறைக் கதவு திறந்தது. உன் பெரியப்பா இடுப்பில் துவாயோடு, தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பூவைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, எனக்கோ வந்தது?" என்றார். "நான்தான் செத்த ஆள். ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?"

அன்றைக்குக் கல்யாணத்தைக் காப்பாற்றியது அவர்தான். பெண்கள் சிரித்த சிரிப்பில் சம்பந்தியும் கடைசியில் உட்கார்ந்தா, ஆனால் உட்காரும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி உங்கடை வீட்டிலை ஆர் செத்தாலும் நான் வந்து தொட்டுப் பாத்துத்தான் நம்புவன்" என்றா. இந்த வயதில் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். உன் அப்பா மட்டும் எல்லாம் அடங்கிய பிறகு மெதுவாக, "என்ரை அண்ணனைச் சாக்காட்ட முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார். முப்பது வருடத்தில் அந்த மனிதன் என்னைக் கண்டித்தது அது ஒன்றுதான்.

பின்னேரம் நீ வந்தாய். பையை எடுக்க வந்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் வாய் திறந்ததும் வேறு சாமான் வந்தது.

"முழுசாச் சொல்லியிருந்தால் நான் ஏன் எடுக்கிறன்?"

"நான் சொன்னதை நீங்கள் நம்பேல்லை, அம்மா. அவ்வளவுதான்."

"நடந்தது நடந்துபோச்சு. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வேட்டியோடை நில்."

"நான் ஞாயிற்றுக்கிழமை விளையாடப்போறன்."

"அக்காவின்ரை கலியாணமடா!"

"ரூனேக்கு இப்ப எது கலியாணம், எது செத்தவீடு எண்டு தெரியாது. அடுத்த கிழமை ஒப்பந்தம் எழுத இருந்தவர். இப்ப பொறு எண்டிட்டார். நான் மண்டபத்திலை நிண்டால் அதுகும் பொய் எண்டுதான் பெடியள் நினைப்பாங்கள். நான் பஸ்ஸிலை ஏறவேணும், அம்மா."

கல்யாண அழைப்பிதழைக் கொண்டுபோய் ரூனேயின் மேசையில் வைக்கிறேன் என்றேன். ஐயரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். நீ அக்காவின் அறைக்குள் போனாய், பத்து நிமிடம் கதைத்தாய், பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அக்கா போக விட்டாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை, உன்னோடு ஒரு நாள்கூடக் கோபிக்கவில்லை. உன் பிடிவாதத்தை நான் பிழை என்றே இன்றைக்கும் சொல்லுவேன். ஒரு நாள் மண்டபத்தில் நின்று படம் எடுத்து, அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் ரூனே நம்பியிருப்பார். பெரிய மானஸ்தன் மாதிரி பஸ்ஸில் ஏறினாய். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் காலைக் கழுவியது பெரியப்பாவின் மகன். தோழனுக்குப் போடுகிற மோதிரத்தையும் அவன்தான் வாங்கினான். நான் உனக்காக அளவெடுத்துச் செய்வித்த மோதிரம், அவனுடைய விரலில் இறுகிப்போய்க் கழற்ற ஏலவில்லை, அப்படியே கனடாவுக்குப் போய்விட்டது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

திங்கட்கிழமை கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு, ஒரு பெட்டி பலகாரத்தோடு ரூனேயிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். நொஸ்க்கில் மன்னிப்புக் கேட்பது சுலபம், ஒரே சொல். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் நல்லது. எழுந்துபோய்ச் சுவரிலிருந்த நாட்காட்டியைக் காட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பெட்டிக்குள் உன் பெயர், பக்கத்தில் அக்காவின் கல்யாணம் என்று புரட்டாதியிலேயே எழுதிய நீல மை. கல்யாணம் தள்ளிப்போய் அதே நாளில் செத்தவீடு வந்துவிட்டதாக்கும் என்று அந்த மனிதன் எங்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். "நீங்கள் எனக்கு நூற்று நாற்பது கட்டுத் தாள் விற்றுத் தந்தவர். கல்யாணம் என்று ஒரு சொல் சொல்ல ஏன் பயந்தீர்கள்?" என்று கேட்டார். ஹம்மர்பெஸ்ட் கதையை அவருக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமல் என்ன செய்தேன் தெரியுமா? இவனுடைய ஒப்பந்தத்துக்கு என்ன விலை யோசித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பேரம். பழக்கதோஷம். அவர் பணியாரத்தைக் கடித்தபடி, "அதைப் பற்றி உங்களோடு கதைக்க வேண்டாம் என்று உங்கள் மகன் கேட்டிருக்கிறார்" என்றார். ரி-பான ரயிலில் ஸ்டோவ்னருக்குத் திரும்பி வந்ததே எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு உன்னுடைய ஆட்டங்களுக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. மேல் வரிசையில், தூணுக்குப் பின்னால். கடைக்கு வருகிற பெடியள், "அன்ரி, உங்கடை மகன் இந்த வருஷம் ஒரு கோலும் அடிக்கேல்லையாம்" என்று நக்கல் அடிப்பார்கள். முன்பு எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். இப்போது கணக்கு விளங்குகிறது. எங்கள் பக்கம் கோல் விழும்போது பனியில் நின்ற எல்லோருடைய பெயரிலும் ஒன்று கழிக்கிறார்கள், நாங்கள் அடித்தால் ஒன்று கூட்டுகிறார்கள், யார் பிழை விட்டது என்று பார்ப்பதில்லை. உன் பெயரில் கழிபட்டதைவிடக் கூடினதுதான் அதிகம். ஒரு நாள் நீ அந்த இறப்பர்த் தட்டை நெஞ்சில் வாங்கிக்கொண்டு எழும்பாமல் கிடந்தாய். நான் எழுந்து நின்று தமிழில் கத்தினேன். முன்னுக்கிருந்தவன் திரும்பிப் பார்த்தான். நீ எழும்பிப் பின்பக்கமாகவே ஓடிப்போய் உன் இடத்தில் நின்றாய். ஏழு வயதில் ஓடியது போலத்தான்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். சோபாவில் படுத்துக்கொண்டு நீயே பேசிய ஒப்பந்தம். அதை மூன்று தரம் வாசித்தேன், வாசிக்க வாசிக்க வயிறு எரிந்தது. அவர்கள் முதலில் சொன்ன விலையிலேயே நீ கையெழுத்து வைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். நீ அவர்கள் சொன்ன விலையைவிடக் குறைத்து வைத்திருக்கிறாய்! மாதம் பதின்மூன்றாயிரம் என்று அவர்கள் சொல்ல, பன்னிரண்டு போதும் என்று சொன்ன வியாபாரியை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. கேட்கிற விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், முதலில் கதைக்கிறவன்தான் தோற்கிறவன் என்று எத்தனை தரம் கடையில் வைத்துக் காட்டியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை, தேவையான இடத்தில் மட்டும் திறந்திருக்கிறாய். முழங்கால் முப்பது வயதோடு முடிந்துவிடும், அதனால் மின்சார வேலைப் படிப்பை விடாதே என்று சொன்னேன், அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் இல்லை. மாலை வகுப்புக்கு நேரம் விடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். இதை அடுத்த முறையாவது கேள்.

அந்த ஆயிரம் குரோனரை எதற்கு விட்டாய் என்று அக்காவிடம்தான் கேட்டறிந்தேன். மார்கழியில் அவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அதை எனக்குச் சொல்ல மூன்று கிழமைக்கு முன்பே உனக்குச் சொல்லியிருக்கிறாள், அதற்கு அவளோடு தனியாகச் சண்டை இருக்கிறது. பிள்ளையின் முப்பத்தோராம் நாள் விசேஷம் உன் ஆட்டக் காலத்துக்குள்தான் வரும், தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது. நீ அதை யோசித்திருக்கிறாய். நான் யோசிக்கவில்லை. அதற்காக நீ செய்தது நல்ல பேரம் என்று என் வாயால் வராது. ஆனால் கடை வாசலில் நின்று கேட்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று, நீ ஒத்துக்கொண்டதை ஒத்துக்கொண்டபடியே இங்கே எழுதுகிறேன். இரண்டு பருவம். பருவத்தில் எட்டு மாதம், மாதம் பன்னிரண்டாயிரம் குரோனர், வரிக்கு முன். மட்டையும் சப்பாத்தும் கழகத்தின் செலவு, உடைகிற பல்லும் கழகத்தின் செலவு. பருவத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் இல்லாமல், வீட்டு விசேஷத்துக்கு லீவு. அந்த நாளை விளையாட்டுக்காரன் தன் வாயால் கேட்க வேண்டும், அவனுடைய குடும்பத்தில் வேறு எவருடைய தொலைபேசிச் செய்தியும் ஏற்றுக்கொள்ளப்படாது.